படையில் இருந்தீர்களா என்று நாங்கள் கேட்காத மூன்று நாட்கள்

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில், சோள வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு வட்டார மருத்துவ மையத்தில் நடந்தது இது. உள்நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் மருத்துவர்களில் நானும் ஒருவன். நோயாளியின் சம்மதம் கேட்டு எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருந்துகளையும் நேரங்களையும் நாங்கள் எடுத்த முடிவுகளையும் மாற்றவில்லை. அமெரிக்க மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் தமிழ் மருத்துவர்களும் நர்ஸ்களும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் வார்டுக்கு இப்படி ஒருவர் வந்தால் நாங்கள் பட்டது உங்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதைத் தமிழில் எழுதி வைக்கிறேன்.

பின்னணி

முன்னாள் படைவீரர்களுக்கென்று அமெரிக்காவில் தனி மருத்துவ அமைப்பு உண்டு. முன்னாள் படைவீரர் நலத்துறை நடத்துவது. எல்லோரும் சுருக்கமாக வி.ஏ. என்பார்கள். சுமார் 170 மருத்துவ மையங்கள், ஆயிரத்துக்கு மேற்பட்ட புறநோயாளி கிளினிக்குகள், பதிவு செய்துகொண்டவர்கள் ஏறக்குறைய 90 லட்சம் பேர். இவ்வளவு பெரிய அமைப்பு இருக்கும்போது முன்னாள் வீரர்கள் அங்கேதான் போவார்கள், நம்மிடம் எங்கே வரப்போகிறார்கள் என்று நான் பல வருடம் நினைத்திருந்தேன்.

அது சரியில்லை. 65 வயதைத் தாண்டியவர்கள் கையில் அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரின் அட்டையும் இருக்கும். சளி, காய்ச்சல், மூட்டுவலி என்றால் பக்கத்து ஊர் டாக்டரிடம் மெடிகேரில் பார்ப்பார்கள். காது மிஷினையும் தூக்கத்துக்கான மருந்தையும் வி.ஏ.வில் வாங்குவார்கள். 2018இல் வந்த மிஷன் சட்டம் இன்னொரு வழியும் திறந்தது. பொது மருத்துவரையோ மனநல மருத்துவரையோ பார்க்க வி.ஏ.வுக்கு 30 நிமிடத்துக்கு மேல் கார் ஓட்ட வேண்டும், அல்லது 20 நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்றால், வெளியே பார்த்துக்கொள்ளலாம், செலவை வி.ஏ. ஏற்கும். சிறப்பு மருத்துவருக்கு அந்தக் கணக்கு 60 நிமிடம், 28 நாள். எங்கள் இடத்திலிருந்து மிக அருகில் இருக்கும் வி.ஏ. மருத்துவ மையத்துக்கு இரண்டு மணி நேரப் பயணம். ஆக, பெயர்ப்பலகையில் எழுதியிருக்காவிட்டாலும் எங்களுடையதும் ஒரு முன்னாள் படைவீரர் மருத்துவமனைதான்.

நோயாளிக்கு வயது 76. மனைவி இறந்து ஒன்றரை வருடம். மகள் வேறு மாநிலத்தில். தனியாக இருக்கிறார். சர்க்கரை நோய் 14 வருடமாக, ரத்த அழுத்தம் அதற்கும் முன்பிருந்தே. இரவில் நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்க வேண்டியிருக்கிறது என்று உள்ளூர் டாக்டரிடம் சொல்ல, மூன்று வாரத்துக்கு முன் அவர் புரோஸ்டேட்டுக்கு டாக்ஸாசோசின் எழுதிக் கொடுத்திருந்தார். வந்த இரவில் எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

வெள்ளி இரவு

இரவு 10.50க்கு ஆம்புலன்ஸில் வந்தார். தூக்கத்திலிருந்து எழுந்து கழிவறைக்குப் போகும் வழியில், ஹாலில் விழுந்திருக்கிறார். "தலை சுத்துச்சு, அப்புறம் தரையில கெடந்தேன்" என்பதுதான் அவர் சொன்னது. இடுப்பு மூட்டில், இடது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து விலகியிருந்தது. ரத்த அழுத்தம் 96/58. வழியில் ஆம்புலன்ஸில் ஃபென்டனில் கொடுத்திருந்தார்கள், நாக்கும் வறண்டிருந்தது. வலி மருந்தும் நீர்ச்சத்துக் குறைவும் என்று எழுதி, சலைன் ஏற்றினோம். எலும்பு முறிந்தவரை நிற்க வைத்து பி.பி. பார்க்க முடியாது. படுத்த நிலையில் எடுத்ததை மட்டும் வைத்துக்கொண்டு மேலே போனோம்.

பதிவு மேசையில் இருந்தவர் அவருடைய பர்ஸிலிருந்து மெடிகேர் அட்டையை எடுத்து விவரங்களை ஏற்றினார். திரையில் 'முன்னாள் படைவீரர்: ஆம் / இல்லை / தெரியாது' என்று ஒரு கட்டம் உண்டு. வலியில் துடிக்கும் மனிதரிடம் அதைக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. 'தெரியாது' என்று போட்டார். அதை மறுபடி யாராவது கேட்டு நிரப்ப வேண்டும் என்று எங்களிடம் எந்த ஏற்பாடும் கிடையாது.

மருந்துப் பட்டியலும் அப்படித்தான். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றதற்கு, "எல்லாம் உங்க கம்ப்யூட்டர்ல இருக்குமே" என்றார். கம்ப்யூட்டரில் இருந்தது உள்ளூர் மருந்துக்கடையில் வாங்கியவை மட்டும்: மெட்ஃபார்மின், லிசினோபிரில், அட்டோர்வாஸ்டாட்டின், டாக்ஸாசோசின் 4 மில்லிகிராம். போனில் மகளும் அதையே சொன்னார். பட்டியல் சரிபார்க்கப்பட்டது என்று டிக் அடித்தோம்.

சனி, ஞாயிறு

சனிக்கிழமை காலை 7 மணிக்கு நான் பொறுப்பேற்றேன். மதியம் அறுவை சிகிச்சை நடந்தது. பாதி இடுப்பு மூட்டு மாற்று. நல்லபடியாக முடிந்தது. ரத்த அழுத்தமும் ஏறி 128/74க்கு வந்துவிட்டது. சலைன் வேலை செய்தது என்று சந்தோஷப்பட்டோம். அது ஏறியதற்கு உண்மையான காரணம், அவர் வீட்டில் தினமும் போட்ட ஒரு மாத்திரை எங்களிடம் நின்றுபோனதுதான். விழுந்ததற்குக் காரணமான மருந்தை அறியாமலே நிறுத்தினோம், பி.பி. சரியானது, அதனாலேயே காரணத்தைத் தேடுவதையும் விட்டுவிட்டோம். இந்த நிகழ்வில் எனக்கு இன்னும் உறுத்துகிற இடம் இது.

சனி இரவு தூக்கத்தில் கத்தினார். நர்ஸ் குறிப்பில் 'நோயாளி அமைதியின்றி இருக்கிறார், வலி மருந்து தரப்பட்டது' என்று இருந்தது. ஞாயிறு பகலில் அமைதியாகத்தான் இருந்தார். ஆனால் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். வயதானவர், இடுப்பு எலும்பு முறிவு, மயக்க மருந்து, இரண்டாம் நாள். எந்த மருத்துவரும் முதலில் நினைப்பது மனக்குழப்பநிலையைத்தான். நானும் அதற்கான சோதனை செய்தேன். எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வோம், 'ஏ' என்ற எழுத்து வரும்போதெல்லாம் நோயாளி நம் கையை அழுத்த வேண்டும். பத்து எழுத்தில் இரண்டு முறைதான் அழுத்தினார். கவனம் சிதறுகிறது என்று எழுதினேன். அவர் என் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மாஸ்க் போட்டிருந்தேன்.

மாலையில் மகள், "அப்பா பீர் குடிப்பார்" என்றார். எவ்வளவு, எப்போது நிறுத்தினார் என்று துருவவில்லை. மது நிறுத்தத்தால் வரும் நடுக்கமும் குழப்பமும் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும், காலம் பொருந்தியது. அதற்கான கண்காணிப்பைத் தொடங்கினோம். இரவு 11 மணிக்கு நெற்றியில் வியர்வை, பதற்றம் என்று அந்தக் கண்காணிப்பில் புள்ளிகள் கூடியதால், பதற்றத்தைத் தணிக்கும் லோராசெபம் கொடுத்தார்கள்.

திங்கள் அதிகாலை

3.10க்கு பி.பி. பார்க்க ஒரு நர்ஸ் உள்ளே போனார். விளக்கு போடவில்லை, நோயாளியைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்ற நல்லெண்ணத்தில். தோளைத் தொட்டு, மெதுவாக அசைத்தார். அடுத்த நொடி அவருடைய மணிக்கட்டு நோயாளியின் பிடியில் இருந்தது. படுக்கையின் பக்கச் சட்டத்தில் கை மோதி வீங்கிவிட்டது. நோயாளி ஏதோ கத்தினார், புது இடுப்போடு கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தார். பாதுகாவலர்கள் வந்தார்கள். அமைதிப்படுத்த ஹாலோபெரிடால் ஊசி. இரண்டு மணிக்கட்டிலும் கட்டு. இரவு மருத்துவர் 3.20க்கு உத்தரவு போட்டார்.

வன்முறைக்காகக் கட்டி வைக்கும் உத்தரவு, பெரியவர்களுக்கு 4 மணி நேரம்தான் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். 7.15க்கு அதைப் புதுப்பித்துக் கையெழுத்திட்டது நான். அறைக்குள் போய்ப் பார்த்தேன், கண்ணை மூடியிருந்தார். நர்ஸின் கைக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிவிட்டு, அடுத்த நோயாளிக்குப் போய்விட்டேன். 9.40க்கு நான் திரும்பி வந்தபோது விழித்திருந்தார், முழு நிதானத்தில். கட்டை அவிழ்க்கச் சொன்னேன். சிவந்த மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே, "யாருக்காவது அடிபட்டதா?" என்றுதான் முதலில் கேட்டார். அந்தக் கேள்வி குழப்பநிலையில் இருப்பவர் கேட்கிற கேள்வி இல்லை. அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

திங்கள் பிற்பகல்: ஒரு தபால் உறை

2 மணிவாக்கில் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு துணிப்பையோடு வந்தார். மூக்குக் கண்ணாடி, செல்போன் சார்ஜர், பெட்டியில் கிடந்த தபால்கள். அலமாரியில் அதை வைக்கப்போன நர்ஸ் உதவியாளருக்கு, ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் மாத்திரை குலுங்கும் சத்தம் கேட்டது. உறையின் மேல் முகவரி வி.ஏ. மருந்தகத்துடையது. அந்த அமைப்பில் வெளிநோயாளி மருந்துகளில் பெரும்பகுதி இப்படித் தபாலில்தான் வீட்டுக்குப் போகிறது. உள்ளூர்க் கடையின் வரலாற்றில் அது பதிவாகவில்லை.

உதவியாளர் உறையைப் பிரிக்கவில்லை. என்னைத் தேடி வந்து, "டாக்டர், இவர் ஆர்மியில இருந்தவரா?" என்று கேட்டார். அவருடைய தாத்தாவுக்கும் இதே உறையில்தான் மருந்து வருமாம். மூன்று நாளில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அதுவும் நோயாளியிடம் இல்லை, என்னிடம்.

நான் மாஸ்க்கைக் கழற்றி, அவர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, சத்தமாகக் கேட்டேன். படையில் இருந்தீர்களா? ஆமாம், தரைப்படை, பீரங்கிப் பிரிவு. எப்போது, எங்கே? 1968, 69, வியட்நாமில், பியன் ஹோவா பக்கம். காது? இரண்டு காதிலும் வி.ஏ. கொடுத்த மிஷின் போடுவாராம். அது வீட்டில், படுக்கைக்குப் பக்கத்து மேசையில், சின்னக் கிண்ணத்தில் இருக்கிறது. வி.ஏ.வில் மிக அதிகம் பேருக்கு ஏற்கப்பட்டிருக்கும் பணிக்காலப் பாதிப்புகளில் காது இரைச்சலும் கேட்கும் திறன் குறைவும் உண்டு என்று படித்திருக்கிறேன். என் எதிரில் இருந்தவருக்கும் அது இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. எழுத்துச் சோதனையில் அவர் தோற்கவே இல்லை. நான் சொன்னது அவர் காதில் விழவில்லை.

உறையில் என்ன என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். "கனவுக்கு" என்றார்.

ப்ராசோசின், இரவில் 8 மில்லிகிராம். ஆறு வருடமாகச் சாப்பிடுகிறார். மகளுக்குத் தெரியாது. உள்ளூர் டாக்டருக்கும் தெரியாது. பீரை மனைவி இறந்த மாதமே விட்டுவிட்டாராம். இரவில் தோளைத் தொட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்காமலே சொன்னார்: "அங்கே தோளைத் தொட்டு எழுப்பினா காவல் முறை வந்துடுச்சுன்னு அர்த்தம், இல்லைன்னா குண்டு விழுதுன்னு அர்த்தம்." அந்த நர்ஸிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், கட்டி வைத்ததற்கும் அதைப் புதுப்பித்ததற்கும். அவர் பதில் சொல்லவில்லை. கதவு கண்ணில் படுகிற மாதிரி கட்டிலைத் திருப்பிப் போட முடியுமா என்று கேட்டார். திருப்பிப் போட்டோம்.

என்ன நடந்திருந்தது

ப்ராசோசினும் டாக்ஸாசோசினும் ஒரே குடும்பம். இரண்டும் ரத்தக் குழாய்களைத் தளர்த்துபவை. முன்பு இரண்டுமே பி.பி.க்காகக் கொடுக்கப்பட்டவை. ஒன்று போதும். இரண்டையும் இரவில் சேர்த்துப் போட்டு, மூன்றாவதாக பி.பி. மருந்தான லிசினோபிரிலும் உடம்பில் இருக்க, தூக்கத்திலிருந்து சட்டென்று எழுந்து நின்றால் தலை சுற்றி விழத்தான் செய்வார். புரோஸ்டேட்டுக்கு எழுதிக் கொடுத்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் திரையிலும் ப்ராசோசின் இல்லை. நாங்களோ டாக்ஸாசோசினைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டு, ப்ராசோசினை இரண்டு இரவு தெரியாமலே நிறுத்தினோம். கனவுகள் திரும்பி வந்தன. அதற்கு மேல், இருட்டு அறை, காது கேட்காத நிலை, லோராசெபம். போர் போன்ற கொடிய அனுபவங்களால் வரும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கு (பி.டி.எஸ்.டி.) லோராசெபம் வகை மருந்துகள் வேண்டாம் என்றுதான் வி.ஏ.வும் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டி சொல்கிறது.

முடிவுகளும் காரணங்களும்

டாக்ஸாசோசினை அன்றைக்கே நிறுத்தினோம். ப்ராசோசினைத் திரும்பத் தருவதா என்பதில் எங்களுக்குள் விவாதம் நடந்தது. 304 முன்னாள் வீரர்களிடம் நடத்தி 2018இல் வெளியான பெரிய ஆய்வில், கனவுக்கு இது போலி மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை. "விழ வைத்த மருந்து, பலனும் சந்தேகம், விட்டுவிடலாமே" என்றார் சக மருத்துவர் ஒருவர். நியாயமான வாதம். ஆனால் எங்கள் முன்னால் இருந்தவர் ஆறு வருடம் அதனால் தூங்கியவர், நிறுத்திய இரண்டாம் இரவே மோசமானவர். ஆய்வில் சராசரியாகப் பலன் தெரியவில்லை என்பது இவருக்குப் பலனில்லை என்று ஆகிவிடாது. வி.ஏ. மருந்தாளுநரைப் போனில் பிடித்தோம். அவரும் தொடரச் சொன்னார். கூடவே ஒரு எச்சரிக்கை. விட்ட இடத்திலிருந்து 8 மில்லிகிராமாகத் தொடரக் கூடாது. நடுவில் நின்றுபோன ப்ராசோசினைப் பழைய அளவிலேயே கொடுத்தால் முதல் மாத்திரையிலேயே பி.பி. சரிந்து மயங்கி விழலாம். 1 மில்லிகிராமிலிருந்து படிப்படியாக ஏற்ற வேண்டும். உறையில் மருந்து இருக்கிறது, பழைய அளவு தெரிகிறது, அப்படியே ஆர்டர் போட்டுவிடலாம் என்று நான் கை வைத்திருந்த நேரம் அது. அந்தப் போன் இன்னொரு விழுதலைத் தடுத்தது.

சிறுநீர் அடைத்துக்கொள்ளுமோ என்ற பயம் இருந்தது. ஸ்கேனில் மிச்சச் சிறுநீரை அளந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். புது மருந்து தேவைப்படவில்லை. லோராசெபம் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் அன்று மாலையே காது மிஷினைக் கொண்டுவந்து கொடுத்தார். போட்டுக்கொண்டதும் டிசம்பரிலிருந்து ஜனவரி வரை மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னேன். தடங்கலில்லாமல் சொல்லி முடித்தார்.

கதவில் ஒரு தாள் ஒட்டினோம். முதலில் விளக்கு. பிறகு கால்மாட்டில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கண் திறந்து பதில் சொன்ன பிறகே அருகில் போக வேண்டும். தூங்கும்போது தொட வேண்டாம். நிலைமை சீராக இருந்தால் நள்ளிரவு முதல் 5 மணி வரை பி.பி. எடுக்க வேண்டாம். இதை எழுதித் தந்தது மணிக்கட்டு வீங்கிய அதே நர்ஸ்தான். அடுத்த இரவும் அவர்தான் அந்த அறைக்குப் போனார். தானே கேட்டு வாங்கிக்கொண்டார்.

72 மணி நேரம்

வி.ஏ.வில் பதிவு செய்துகொண்டவர் அவசரத்துக்கு வெளி மருத்துவமனையில் சேர்ந்தால், சிகிச்சை தொடங்கிய 72 மணி நேரத்துக்குள் வி.ஏ.வுக்குத் தகவல் போக வேண்டும். வெள்ளி இரவு 10.50 என்றால் கெடு திங்கள் இரவு 10.50. எங்களுக்கு விஷயம் தெரிந்தது 4 மணிக்கு. இணையத்தில் எந்த நேரமும் தகவல் பதியலாம், வார இறுதியிலும்கூட. அது தெரியாமல் எங்கள் அலுவலகத்தில் ஒருவர், நாளை காலை பார்த்துக்கொள்ளலாம் என்றார். சமூகப் பணியாளர் விடவில்லை. 5.40க்குப் பதிவு போனது.

மெடிகேர் இருக்கிறதே, பிறகென்ன என்று தோன்றலாம். அவரிடம் இருந்தது மெடிகேர் ஏ பகுதி மட்டும். அது மருத்துவமனைக் கட்டணத்துக்கு. அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், என்னைப் போன்றவர்களின் கட்டணங்கள் பி பகுதியில் வரும். மாதச் சந்தா கட்ட வேண்டிய பகுதி அது. வி.ஏ. இருக்கிறதே என்று அதை அவர் வாங்கவே இல்லை. உள்ளூர் டாக்டருக்குக் கைக்காசு கொடுத்துக்கொண்டிருந்தார். கெடு தவறியிருந்தால் கோரிக்கை வேறு விதிகளின்கீழ், வேறு நிபந்தனைகளோடு போயிருக்கும். ஒரு அறுவை சிகிச்சைக்கு எத்தனை மருத்துவர் பில் வரும் என்பது இங்கே வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். சில வாரம் கழித்து வி.ஏ. செலவை ஏற்றுக்கொண்டது.

அடுத்த நாட்கள்

செவ்வாய் இரவு நாலு மணி நேரம் தொடர்ந்து தூங்கினார். புதன் இரவு ஒரு கெட்ட கனவு. விழித்து, மணியடித்து நர்ஸைக் கூப்பிட்டார். வியாழன் முதல் பிசியோதெரபியில் வாக்கரோடு நடந்தார், ஒவ்வொரு முறையும் படுத்தும் நின்றும் பி.பி. எடுத்த பிறகே. அடுத்த திங்களன்று ப்ராசோசின் 3 மில்லிகிராமில் மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்பினோம். மூன்று நாளுக்குக் குறையாமல் உள்நோயாளியாக இருந்ததால் அங்கே முதல் 20 நாள் செலவு மெடிகேர் ஏ பகுதியில் முழுமையாக வந்துவிட்டது.

தாமதமாகச் செய்த ஒன்றையும் சொல்ல வேண்டும். மனைவியை இழந்து தனியாக இருக்கும் முதிய முன்னாள் வீரர். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா, வீட்டில் துப்பாக்கி உண்டா என்று நாங்கள் கேட்டது ஐந்தாம் நாள்தான். மனைவி போன முதல் குளிர்காலத்தில் எண்ணம் வந்தது, இப்போது இல்லை என்றார். துப்பாக்கி உண்டு. தோட்டாவைத் தனியாகப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுக்க ஒத்துக்கொண்டார். வி.ஏ. இலவசமாகத் தரும் துப்பாக்கிப் பூட்டு ஒன்றும் வாங்கிக் கொடுத்தோம். 988 அழைத்து 1ஐ அழுத்தினால் முன்னாள் வீரர்களுக்கான நெருக்கடி உதவி கிடைக்கும் என்று அவருடைய போனில் பதிந்து வைத்தோம்.

அவர் கேட்காமலே விட்டிருந்தவை

பியன் ஹோவா என்றதும் சமூகப் பணியாளர் நிமிர்ந்து பார்த்தார். ஏஜென்ட் ஆரஞ்சு இலையுதிர்ப்பு மருந்தைச் சேமித்து வைத்து விமானங்களில் ஏற்றிய தளங்களில் அதுவும் ஒன்று. அதிலிருந்த டையாக்சின் என்ற நச்சு அங்கே மண்ணிலிருந்து இன்றும் அகற்றப்படுகிறது. வியட்நாமில் பணியாற்றியவருக்கு இரண்டாம் வகை சர்க்கரை நோய் வந்தால், அது அந்த ரசாயனத்தால் வந்ததாகவே வி.ஏ. 2001 முதல் எடுத்துக்கொள்கிறது. தொடர்பை அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. ரத்த அழுத்த நோயும் 2022இல் வந்த பேக்ட் சட்டத்தில் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. 14 வருடமாக அவர், "அம்மாகிட்ட இருந்து வந்த சர்க்கரை" என்று நினைத்துக்கொண்டிருந்தார். காதுக்கு மட்டும்தான் எப்போதோ விண்ணப்பித்திருந்தார். கவுண்டி (மாவட்டம் போன்றது) அலுவலகத்தில் முன்னாள் படைவீரர் சேவை அலுவலர் ஒருவர் இருப்பார். கட்டணமில்லாமல் விண்ணப்பம் எழுதித் தருவார். மறுவாழ்வு நிலையத்துக்கே வந்து எழுதி வாங்கிக்கொண்டு போனார். ஐந்து மாதத்தில் இரண்டும் ஏற்கப்பட்டன.

மாற்றியவை, மாறாதவை

பதிவு மேசையில் கேள்வியை மாற்றினோம். 'நீங்கள் முன்னாள் படைவீரரா' என்பதை எடுத்துவிட்டு, 'நீங்கள் எப்போதாவது படையில் பணியாற்றியதுண்டா' என்று வைத்தோம். சொல்லில் இருக்கும் இந்தச் சின்ன வித்தியாசம் முக்கியம். போருக்குப் போகாதவர்கள், ரிசர்வ் படையில் இருந்தவர்கள், பெண்கள் பலர் தங்களை முன்னாள் படைவீரர் என்று சொல்லிக்கொள்வதில்லை. அமெரிக்க செவிலியர் அகாடமி இந்தக் கேள்வியை இப்படித்தான் கேட்கச் சொல்லி இயக்கமே நடத்துகிறது. மாற்றிய முதல் வாரத்தில், முந்தைய இரண்டு அட்மிஷனிலும் 'இல்லை' என்று பதிவான ஒரு பெண்மணி, ரிசர்வ் படையில் லாரி ஓட்டியதாகச் சொன்னார். 'தெரியாது' என்ற பதில் இப்போது 24 மணி நேரத்துக்கு மேல் நிற்காது. வார்டு நர்ஸின் வேலைப் பட்டியலுக்குத் தானாக வந்துவிடும். 'ஆம்' என்றால் அந்த நிமிடமே வி.ஏ.வுக்குத் தகவல் அனுப்பும் வேலை தொடங்குகிறது.

மருந்துப் பட்டியலில் இன்னொன்று தெரியவந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. 2020 ஜனவரி முதல், முன்னாள் வீரர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலொழிய, வி.ஏ. ஆவணங்களை இணைப்பில் இருக்கும் வெளி மருத்துவமனைகள் மின்னணு முறையில் பார்க்கலாம். எங்கள் மருத்துவமனையும் அந்த இணைப்பில் இருந்தது. 'வெளி ஆவணங்கள்' என்ற பகுதியில் இரண்டு கிளிக். சனிக்கிழமை காலையிலேயே ப்ராசோசின் 8 மில்லிகிராம் அங்கே இருந்திருக்கிறது. இப்போது மருந்தாளுநர் 'ஆம்' என்று பதிவான ஒவ்வொருவருக்கும் அதைத் திறந்து பார்க்கிறார். காது மிஷின் போட்டிருக்கிறாரா என்று கேட்காமல் மனக்குழப்பச் சோதனை செய்வதை நான் நிறுத்திவிட்டேன். இளம் மருத்துவர்களுக்கும் அதையே சொல்லித் தருகிறேன்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. இரவு 3 மணி பி.பி. எங்கள் வார்டில் இன்னும் பழக்கமாகத்தான் இருக்கிறது. கதவுத் தாள் ஒரு ஷிப்டில் இருக்கும், அடுத்த ஷிப்டில் கிழிந்திருக்கும். வி.ஏ.வுக்கும் உள்ளூர் டாக்டருக்கும் நடுவே கடிதம் கொண்டுபோவது இன்னும் நோயாளிதான்.

நான்கு மாதம் கழித்து எலும்பு மருத்துவரைப் பார்க்க வந்தவர் என்னையும் பார்க்க வார்டுக்கு வந்தார், கைத்தடியோடு. பர்ஸிலிருந்து மடித்த தாளை எடுத்துக் காட்டினார். நடுவில் ஒரு கோடு, இடப்பக்கம் வி.ஏ. மருந்துகள், வலப்பக்கம் வெளி மருந்துகள், மகளின் கையெழுத்தில். ப்ராசோசினுக்கு எதிரே 'கனவுக்கு' என்று எழுதியிருந்தது. மகளிடம் சொல்லிவிட்டார் போலிருக்கிறது.

அவர் போன பிறகு அவருடைய கோப்பைத் திறந்தேன். நோய்ப் பட்டியலில் 'மனக்குழப்பநிலை', 'மது நிறுத்தப் பாதிப்பு', 'வன்முறையாளர்: எச்சரிக்கை' என்று மூன்று வரி அப்படியே இருந்தது. முதல் இரண்டும் என் பெயரில். அவற்றை நான் அன்றே நீக்கினேன். மூன்றாவது பாதுகாப்புப் பிரிவுடையது. நீக்க எழுத்தில் மனு கொடுக்க வேண்டும் என்றார்கள். நானும் அந்த நர்ஸும் சேர்ந்து எழுதினோம். இரண்டு முறை திரும்பி வந்து, மூன்றாவது முறை ஏற்றுக்கொண்டார்கள். இப்போது அந்த இடத்தில், 'பீரங்கிப் பிரிவு, வியட்நாம் 1968–69. காது மிஷின் உண்டு. தூங்கும்போது தொட வேண்டாம், பெயர் சொல்லி எழுப்பவும்' என்று இருக்கிறது.